பொதிகை மலையில் முன்னால் நடந்தவர்கள்

பொதிகைன்னு சொன்னா நம்ம மக்களுக்கு முதல்ல ஞாபகம் வர்றது தூர்தர்ஷன். (2024லிருந்து அது டிடி தமிழ் ஆயிடுச்சு, அது வேற கதை.) அடுத்தது எழும்பூர்ல ராத்திரி ஏறினா காலையில செங்கோட்டையில இறக்கி விடற பொதிகை எக்ஸ்பிரஸ். மூணாவதாத்தான் மலை. அந்த மலைன்னதும் அகத்தியர், மூலிகை, தாமிரபரணி. இந்த வரிசையில அந்த மலையிலேயே குடியிருக்கிற மனுஷங்க வரவே மாட்டாங்க. வி.கே.புரத்துல பிறந்து, தினமும் அந்த மலையைப் பார்த்துக்கிட்டே ஸ்கூலுக்குப் போன எனக்கும் காலேஜ் முடிக்கிற வரைக்கும் அந்த வரிசைதான்.

இந்தப் பதிவு அவங்களைப் பத்தி. காணிக்காரர்கள். சுருக்கமா, காணிகள்.

ஊர் தெரியாதவங்களுக்காக முதல்ல ஒரு சின்ன வரைபடம். அம்பாசமுத்திரத்துல இருந்து மேற்கே போனா விக்கிரமசிங்கபுரம், அதைத் தாண்டி பாபநாசம். அங்கே சமவெளி முடிஞ்சுடும். செக்போஸ்ட்டில் பேர் எழுதிட்டு மலை ஏறினா முண்டந்துறை, சொரிமுத்தையனார் கோவில், காரையாறு அணை. (ஆடி அமாவாசைக்குக் குடும்பம் குடும்பமா வந்து குடில் போட்டுத் தங்குவாங்களே, அந்தக் கோவில்தான்.) பக்கத்துலயே சேர்வலாறு அணை. காரையாறு அணைத் தண்ணிக்கு அந்தப் பக்கம் பாணதீர்த்தம் அருவி, அதுக்கும் மேல பூங்குளம். தாமிரபரணி அங்கேதான் பிறக்குது. புன்னக்காயல்ல கடலைத் தொடறதுக்குள்ள சுமார் 128 கி.மீ. ஓடிடும்.

இந்த வழியிலதான் காணிக் குடியிருப்புகள் இருக்கு: சேர்வலாறு, சின்ன மயிலார், பெரிய மயிலார், அகஸ்தியர் காணிக்குடியிருப்பு, இஞ்சிக்குழி. இஞ்சிக்குழிதான் ரொம்ப உள்ளே. அணையைத் தாண்டிப் பல கி.மீ. காட்டு வழியில் நடக்கணும். 1962ல் முண்டந்துறை புலிகள் சரணாலயம் ஆச்சு. 1988ல் களக்காடு சரணாலயத்தோட சேர்த்து, தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம் ஆச்சு. குடியிருப்புகள் அதுக்கெல்லாம் ரொம்ப முந்தியவை.

பேரிலேயே நிலம்

காணின்னா நிலம். நிலத்தோட அளவும் அதுதான், நிலத்து மேல இருக்கிற பரம்பரை உரிமையும் அதுதான். பாரதியார் பராசக்திகிட்ட கேட்டாரே, அதே காணி. கல்வெட்டுகளில் வர்ற 'காணியாட்சி'யும் இதுதான். ஆக, காணிக்காரன்னா நிலத்துக்கு உரியவன். ஒரு பழங்குடிக்கு ஊர்க்காரங்க வைக்கிற பேர் பெரும்பாலும் மட்டமா இருக்கும். இங்கே பேரே பட்டா மாதிரி இருக்கு. ஆனா அந்தப் பேருக்கு ஏத்த பட்டா கைக்கு வர்றது எவ்வளவு கஷ்டம்னு பின்னாடி சொல்றேன்.

பேச்சு தமிழும் மலையாளமும் கலந்த மாதிரி நம்ம காதுக்குக் கேட்கும், ஆனா தனி வழக்கு. ஊருக்குத் தலைவர் மூட்டுக்காணி. ஆளைக் கூப்பிட்டுச் சேர்க்கிறவர் விளிகாணி. வைத்தியம், பூசை ரெண்டுக்கும் பிலாத்தி. நோய்ன்னு வந்துட்டா பிலாத்தி ராத்திரி முழுக்கச் சாத்துப்பாட்டு பாடுவார். அதுக்குத் தாளம் கொக்கரை: பல் பல்லா வெட்டின இரும்புக் குழாய், அதை இன்னொரு இரும்புக் கம்பியால உரசுவாங்க. கல்யாண முறையில இல்லங்கள் உண்டு. ஒரு பக்கம் அண்ணன் தம்பி முறை, இன்னொரு பக்கம் மச்சம்பி முறை. அண்ணன் தம்பி முறைக்குள்ள பெண் எடுக்கக் கூடாது. நம்ம பங்காளி, மாமன் மச்சான் கணக்கேதான். முன்னாடி யானைக்குப் பயந்து மரத்து மேல ஏறுமாடம் கட்டி இருந்திருக்காங்க. மரச்சீனி, மிளகு, தேன், கிழங்கு இதெல்லாம்தான் பிழைப்பு. எட்கர் தர்ஸ்டன் 1909ல் வெளியிட்ட ஏழு தொகுதி புத்தகத்தில் காணிக்காரர்களுக்குத் தனிப் பகுதியே இருக்கு.

திருவிதாங்கூர்ப் பக்கம் ஒரு வழிவழிக் கதை உண்டு. மார்த்தாண்ட வர்மா எதிரிகளுக்குப் பயந்து காட்டில் ஒளிஞ்சு திரிஞ்சப்போ காப்பாத்தினது காணிகள்தானாம். ஓணத்தையொட்டி மலைப் பொருட்களோட அரண்மனைக்குப் போற வழக்கத்துக்கு இந்தக் கதையைத்தான் காரணமாச் சொல்றாங்க. ராஜாவுக்கே வழி காட்டினவங்க நாங்கன்னு ஒரு கூட்டம் தலைமுறை தலைமுறையாச் சொல்லிக்கிட்டு வருது. இதை ஞாபகம் வச்சுக்கோங்க.

ஏறினவர் பேர் இருக்கு, கூட்டிப் போனவர் பேர் இல்லை

பொதிகை உலகத்துக்கு ரொம்பப் பழைய அறிமுகம். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் தாலமி எழுதின 'பெட்டிகோ' மலை பொதிகைதான்னு பல அறிஞர்கள் சொல்றாங்க. சங்க காலத்துல ஆய் அண்டிரனோட மலை இது.

7ஆம் நூற்றாண்டுல யுவான் சுவாங். அவர் பொதலகம்னு ஒரு மலையைப் பத்தி எழுதி வச்சிருக்கார். மலய மலைக்குக் கிழக்கே இருக்கு, பாதை ஆபத்தானது, உச்சியில ஒரு குளம், அதிலிருந்து ஒரு ஆறு மலையைச் சுத்திச் சுத்தி ஓடித் தென்கடலில் சேருது, அங்கே அவலோகிதேசுவரர் இருக்கார், இப்படிப் போகுது வர்ணனை. அவர் நேரில் பார்க்கலை, கேட்டு எழுதினதுதான். பொதலகம் பொதிகையேதான்னு சில ஆய்வாளர்கள் வாதாடறாங்க. அது சரியா இருந்தா, திபெத்துல லாசாவில் இருக்கிற பொதாலா அரண்மனைக்கே நம்ம மலையோட பேர்தான். பூங்குளத்தையும் தாமிரபரணியையும் மனசுல வச்சுக்கிட்டு அந்த வர்ணனையைப் படிச்சா எனக்குப் புல்லரிக்குது. கூடவே ஒரு கேள்வியும் வருது. உச்சியில குளம் இருக்கு, பாதை மோசம்னு கீழே வந்து முதன்முதலாச் சொன்னது யாரா இருக்கும்?

அடுத்து ஜான் ஆலன் பிரௌன். ஸ்காட்லாந்துக்காரர். 1852ல் திருவனந்தபுரம் வானாய்வகத்துக்கு இயக்குநரா வந்தவர். புவிகாந்தம்தான் அவருக்கு உயிர். திருவனந்தபுரம் காந்த நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கு. அதே அளவை உயரத்தில் எடுத்தா என்ன வித்தியாசம் வரும்னு பார்க்க, 1855ல் அகஸ்திய மலை மேலேயே ஒரு ஆய்வகம் கட்டிட்டார். கடல் மட்டத்தில் இருந்து சுமார் 6,000 அடி! ரோடு கிடையாது, யானைக்காடு, அட்டைக்கடி, மழை. கண்ணாடி, பித்தளை, கடிகாரம், காந்த ஊசின்னு ஒவ்வொரு கருவியும் மனுஷ முதுகுலயும் தலையிலயும்தான் ஏறியிருக்கணும். அந்த அளவீடுகள் 1874ல் புத்தகமா வந்துச்சு. அட்டையில் அகஸ்திய மலையோட பேர் இருக்கு, மகாராஜா பேர் இருக்கு, பிரௌன் பேர் இருக்கு.

அப்புறம் ஒரு பூ. உலகத்திலேயே அகஸ்திய மலைப் பகுதியில் மட்டும் காட்டுச்செடியா வளர்ற ஒரு ஆர்க்கிட். 1865ல் கர்னல் ட்ரூரி கண்ணுல பட்டதால, 'ட்ரூரி'ங்கிற பேரே அதுக்கு ஒட்டிக்கிச்சு. 'கண்டுபிடிச்சார்'னு எழுதுவாங்க. அந்தச் செடி பக்கத்துலயே பரம்பரையா வாழ்ந்தவங்க அதைப் பார்த்தது கணக்குல வராது.

இது நம்ம ஊர்க் கதை மட்டும் இல்லை. மொராக்கோவில் அட்லஸ் மலைன்னு ஒரு தொடர். அங்கே இம்லில் மாதிரி ஊர்களில் இருந்து பெர்பர் கிராமங்கள் வழியா ஒரு நாள், ரெண்டு நாள் நடை கூட்டிப் போவாங்க. முன்னால உள்ளூர் வழிகாட்டி, பின்னால கோவேறு கழுதையில் மூட்டை. எங்க டீம்ல ஒருத்தன் ஆன்சைட் போயிருந்தப்போ போய்ட்டு வந்து படம் காட்டினான். அந்தத் தொடரோட பெரிய சிகரம் துப்கால், 4,167 மீட்டர். 1923ல் செகோன்சாக்னு ஒரு பிரெஞ்சுப் பிரபு தன் கூட்டாளிகளோட ஏறினதுதான் பதிவான முதல் ஏற்றம். 'பதிவான'ங்கிற சொல்லைக் கவனிங்க. பெர்பர்னு மத்தவங்க சொல்ற அந்த மக்கள் தங்களை அமாஸிக்னு சொல்லிக்கிறாங்க, சுதந்திர மனுஷர்னு அதுக்குப் பொருள் சொல்வாங்க. இங்கே நிலத்துக்கு உரியவர், அங்கே சுதந்திர மனுஷர். ரெண்டு மலையிலும் மத்தவங்களுக்கு அவங்க வெறும் 'கைடு'.

1987 டிசம்பர்

இப்போ மேட்டருக்கு வருவோம். முன்னால நடந்தவங்களுக்கும் பேர் கிடைச்ச ஒரே ஒரு சந்தர்ப்பம் இது.

1987 டிசம்பர்ல தாவரவியலாளர் புஷ்பாங்கதன் தலைமையில் ஒரு ஆய்வுக் குழு அகஸ்திய மலையில் கேரளப் பக்கமா ஏறுச்சு. பழங்குடிகளின் தாவர அறிவைப் பதிவு செய்யற அகில இந்தியத் திட்டம் அது. கூட வழிகாட்டிகளா காணிகள். விஞ்ஞானிகளுக்கு நாக்கு தள்ளுது. காணிகள் அசராம நடக்கிறாங்க, நடுநடுவுல ஏதோ ஒரு சின்னப் பழத்தை வாயில போட்டு மென்னுக்கிட்டே. இவங்களும் வாங்கித் தின்னு பார்க்கிறாங்க, தெம்பு வருது. என்ன செடின்னு கேட்டா, உடனே சொல்லலை. வெளியாளுக்குச் சொல்லக் கூடாத சங்கதி அது. பேசிப் பேசித்தான் கடைசியில காட்டினாங்க.

அதுதான் ஆரோக்கியப்பச்சை. சாத்தன் களஞ்சான்னும் பேர் உண்டு. தாவரவியல் பேர் டிரைக்கோபஸ் சைலானிகஸ். 'சைலானிகஸ்'னா இலங்கையைச் சேர்ந்ததுன்னு பொருள். அங்கேயும் இதன் உறவு வளருது. காட்டு நிழல்ல, ஓடைக்கரை ஈரத்தில் தரையோடு தரையா வளர்ற சின்னச் செடி.

திருவனந்தபுரம் பக்கம் பாலோட்டில் இருக்கிற வெப்பமண்டலத் தாவரத் தோட்ட ஆய்வு நிறுவனத்தில் பல வருஷம் ஆராய்ச்சி நடந்துச்சு. கடைசியில ஆரோக்கியப்பச்சையோட அமுக்கரா, திப்பிலி, விஷ்ணுகிரந்தி சேர்த்து 'ஜீவனி'ன்னு ஒரு மருந்து உருவாச்சு. 1995ல் அதைத் தயாரிக்கிற உரிமையைக் கோயம்புத்தூர் ஆர்ய வைத்திய பார்மசிக்கு ஏழு வருஷத்துக்குக் கொடுத்தாங்க. உரிமக் கட்டணம் 10 லட்சம் ரூபாய், விற்பனையில் 2 சதவீதம் ராயல்டி. வரும் பணத்தில் பாதி காணிகளுக்குன்னு நிறுவனம் முடிவு பண்ணுச்சு. 1997ல் அதுக்காகக் காணிகள் பேர்ல ஒரு டிரஸ்ட் பதிவாச்சு. 1999ல் முதல் தவணையா அஞ்சு லட்சத்துக்கு மேல அதில் போட்டாங்க. செடியைக் காட்டின மல்லன் காணி, குட்டிமாத்தன் காணி, ஈச்சன் காணி இவங்க பேர்கள் ஆவணங்களில் ஏறுச்சு.

இதை உலகமே திரும்பிப் பார்த்துச்சு. 1992ல் ரியோவில் உருவான உயிரினப் பன்மை ஒப்பந்தம், 'பழங்குடி அறிவால வர்ற லாபத்தில் அவங்களுக்கும் பங்கு'ன்னு கொள்கையாச் சொல்லியிருந்துச்சு. அதை நிஜமாச் செஞ்சு காட்டின முதல் உதாரணங்களில் ஒண்ணா 'காணி மாதிரி' பேசப்பட்டுச்சு. இந்தியாவின் 2002 உயிரினப் பன்மைச் சட்டம், 2010 நகோயா நெறிமுறை இதெல்லாம் வர்றதுக்கு முன்னாடியே நடந்தது இது.

கேட்க நல்லா இருக்கு இல்ல? ஆனா ப்ராஜெக்ட் டெமோவில் ஓடறது புரொடக்‌ஷன்ல ஓடணும்னு கட்டாயம் இல்லையே :-) காட்டிலிருந்து இலையை எடுத்துட்டு வர வனத்துறை தடை போட்டுச்சு. தோட்டத்தில் வளர்த்தா காட்டு நிழல்ல வர்ற குணம் வரலை. அமெரிக்காவில் 'ஜீவனி'ங்கிற பேரையே ஒரு கம்பெனி டிரேட்மார்க் ஆக்கிக்கிட்டது தனிக் கூத்து. ஏழு வருஷ உரிமம் முடிஞ்சதோட அந்த வேகமும் அடங்கிடுச்சு. எல்லாக் காணிகளையும் கேட்டுத்தான் செஞ்சாங்களா, பிலாத்திகளோட ரகசியத்தைச் சில பேர் சொல்லிட்டதா ஆகாதாங்கிற சண்டையும் உள்ளுக்குள்ளே நடந்துச்சு.

ஓப்பன் சோர்ஸ்ல வேலை பார்க்கிறவங்களுக்கு இது சட்டுனு புரியும். கோடு இலவசமா இருந்தாலும் எழுதினவன் பேர் ஃபைல் தலையில் இருக்கும், லைசென்ஸ்னு ஒண்ணு இருக்கும். காணிகளோட அறிவுக்குத் தலைப்பும் இல்லை, லைசென்ஸும் இல்லை. இருந்தது 'வெளியாளுக்குச் சொல்லாதே'ங்கிற ஒரே ஒரு வழக்கம். அந்த வழக்கத்தை மீறி நம்பிச் சொன்னதுக்குத்தான் அந்த 2 சதவீதத்தில் பாதி.

மலை முகட்டில் ஒரு கோடு

நெல்லைக்காரனா எனக்கு ரொம்ப உறுத்துற விஷயம் அடுத்ததுதான்.

பொதிகை முகடு தண்ணியை ரெண்டாப் பிரிக்குது. மேற்கே விழற மழை அரபிக் கடலுக்கு, கிழக்கே விழறது தாமிரபரணிக்கு. திருவிதாங்கூர் எல்லையும் அந்த முகடுதான், 1956க்கு அப்புறம் கேரள எல்லையும் அதுதான். ஆனா காணிகளுக்கு முகடு எல்லை இல்லை, நடுவீடு. ரெண்டு பக்கமும் ஒரே சனம், ஒரே கொக்கரை, ஒரே செடி. ஆரோக்கியப்பச்சை நம்ம பக்கத்துக் காட்டிலும் வளருது. டிரஸ்ட் மட்டும் கேரளக் காணிகளுக்கானது. பாபநாசம் மலைக் காணிக்கு அதில் இடம் இல்லை. ஆய்வுக் குழு எந்தப் பக்கமா ஏறுச்சுங்கிறது யாருக்குப் பங்குன்னு தீர்மானிச்சிடுச்சு.

இதை விடப் பெரியது பட்டியல் விவகாரம். 1956ல் கன்னியாகுமரியும் செங்கோட்டையும் திருவிதாங்கூர்ல இருந்து நம்ம பக்கம் வந்துச்சு. திருவிதாங்கூர்ல காணிக்காரர்களை ஏற்கெனவே பழங்குடியா எழுதியிருந்தாங்க. அதனால தமிழ்நாட்டுப் பட்டியலில் காணிக்காரர்னு ஏறினப்போ, 'கன்னியாகுமரி மாவட்டம், செங்கோட்டை தாலுகா'ன்னு அடைப்புக்குறியும் சேர்ந்தே வந்துச்சு. பாபநாசம் மலை எந்தத் தாலுகா? அம்பாசமுத்திரம். ஆக அந்தப் பட்டியல்படி சேர்வலாறு, மயிலார் காணிகள் பழங்குடி இல்லை! அவங்க மாமன் மகன் மலைக்கு அந்தப் பக்கம் இருந்தா பழங்குடி. அம்பாசமுத்திரம்னு ஒரே ஒரு வார்த்தை அந்த அடைப்புக்குறிக்குள்ள சேர எத்தனையோ வருஷம் ஆச்சு. அந்த இடைவெளியில் படிப்பு, வேலை, சர்டிபிகேட்னு எத்தனை பிள்ளைகள் வாய்ப்பை இழந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

நிலத்துக்கு வருவோம். 2006ல் வன உரிமைச் சட்டம் வந்துச்சு, காட்டில் வாழறவங்களோட உரிமையை அங்கீகரிக்க. ஆனா 2008ல் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில், தன் அனுமதி இல்லாம உரிமைப் பத்திரம் கொடுக்கக் கூடாதுன்னு சொல்லிடுச்சு. 2016ல் உச்ச நீதிமன்றம் அதை நீக்கின பிறகுதான் தமிழ்நாட்டில் வேலையே நகர்ந்தது. நாடு முழுக்கப் பத்திரம் கொடுத்துக்கிட்டு இருந்த எட்டு வருஷம் இங்கே சும்மா போச்சு. ஒரு ஒப்பீடு சொல்றேன். அதே மலையில் மாஞ்சோலைப் பக்கம் சிங்கம்பட்டி ஜமீன் 1929ல் ஒரு கம்பெனிக்கு 8,373 ஏக்கரை 99 வருஷக் குத்தகைக்குக் கொடுத்துச்சு. கம்பெனிக்குக் கிடைக்கிற காகிதம், 'நிலத்துக்கு உரியவன்'னு பேர் வச்சிருக்கிறவனுக்குக் கிடைக்க மாட்டேங்குது.

ஏறப் போறவங்களுக்கு

முன்னாடி நம்ம ஊர்ப் பெருசுங்க பாபநாசத்துல இருந்தே பாணதீர்த்தம், இஞ்சிக்குழி, கன்னிகட்டி, பூங்குளம் வழியா அகத்தியரைப் பார்க்கப் போவாங்க. அந்த வழியா இப்போ பொதுமக்களுக்கு அனுமதி இல்லை. கேரள வனத்துறை சீசன்ல போனக்காடு வழியா விடறாங்க. முதல் நாள் அதிருமலை முகாம், அடுத்த நாள் உச்சி, மூணாம் நாள் இறக்கம். உச்சி 1,868 மீட்டர். கடைசிப் பாறைகளில் கயிற்றைப் பிடிச்சுத்தான் ஏறணும்.

நான் போனது அந்த வழிதான். எங்களுக்கு முன்னால நடந்தவர் அம்பது வயசு தாண்டின ஒரு காணி. கையில ஒரு கத்தி, தோள்ல ஒரு துணிப்பை, அவ்வளவுதான். நாங்க ஏழு பேரும் பிராண்டட் ஷூ, டிரெக்கிங் போல் சகிதம். யானை லத்தியைக் கால் விரலால தொட்டுப் பார்த்து, "சூடு ஆறிடுச்சு மக்களே, வாங்க"ன்னார். எந்த ஆப்பும் அதைச் சொல்லாது. அவர்கிட்ட ஆரோக்கியப்பச்சை பத்திக் கேட்டேன். சிரிச்சுக்கிட்டே, "அதைக் காட்டித்தான் நாங்க பேப்பர்ல வந்தோம்"னார். அதுக்கு மேல பேசலை. நானும் கேட்கலை.

இன்னொண்ணும் சொல்லணும். உச்சிக்குப் பெண்கள் போகக் கூடாதுங்கிறது காணிகளோட நம்பிக்கை. 2018 நவம்பரில் கேரள உயர் நீதிமன்றம் அந்தத் தடை செல்லாதுன்னு சொல்லி, 2019 ஜனவரியில் தன்யா சனல் உச்சிக்கு ஏறினார். காணிகள் போனக்காட்டில் எதிர்ப்புத் தெரிவிச்சாங்க. பெண்கள் ஏறினது சரின்னுதான் நான் நினைக்கிறேன். ஆனா காணிகளோட கோபத்துல இன்னொரு கேள்வியும் எனக்குக் கேட்டுச்சு. ஆய்வகம் கட்டினப்போ, கோடு போட்டப்போ, புலிக் காப்பகம் அறிவிச்சப்போ ஒருத்தரும் எங்களைக் கேட்கலையேங்கிறதுதான் அது.

2024 அக்டோபரில் தமிழக அரசு 'ட்ரெக் தமிழ்நாடு'ன்னு 40 வழித்தடங்களைத் திறந்துச்சு. காரையாறுப் பக்கமும் ஒண்ணு இருக்கு. உள்ளூர் ஆட்களுக்கும் பழங்குடி இளைஞர்களுக்கும் பயிற்சி கொடுத்து வழிகாட்டியா வேலை தர்ற திட்டம். நல்ல தொடக்கம்தான். சம்பளத்தோட நின்னுடாம இருக்கணும். பாதையில வர்ற ஓடைக்கும் பாறைக்கும் காணிகள் வச்ச பேர் போர்டில் வரணும். எந்த வழியைத் திறக்கலாம், எதை மூடலாம்னு முடிவு பண்ற இடத்தில் மூட்டுக்காணிக்கும் ஒரு நாற்காலி வேணும். மலை ஏறிட்டு வந்து படம் போடறவங்க, கூட்டிப் போனவர் சம்மதிச்சா அவர் பேரையும் சேர்த்துப் போடுங்க. தாலமியில் இருந்து பிரௌன் வரைக்கும் யாரும் செய்யாத காரியம், நமக்கு அஞ்சு நொடி வேலை.

சொரிமுத்தையனார் கோவிலும் சிங்கம்பட்டி ஜமீனும் தனிப் பதிவுக்கான சரக்கு. அதை இன்னொரு நாள் பார்ப்போம்.